செட்டித் தெருவில் 51 மாடி... தெரியுமா?

மன்னார்குடியில் திருவாரூர் பஸ் ஏறினால் வழியில் கூத்தாநல்லூர் வரும். அந்த ஊருக்கு இந்தப் பக்கத்து ஜனங்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் தெரியுமா? சின்ன சிங்கப்பூர்!

நம் வட்டாரத்தில் சிங்கப்பூர் போகாத ஆள் இருக்கலாம். சிங்கப்பூர்க் கோடாலித் தைலம் போகாத வீடு இருக்குமா? சாமி மாடத்துக்குப் பக்கத்தில், பச்சை நிறத்தில் அடியில் ஒரு விரற்கடை மிச்சத்தோடு நிற்குமே, அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பி! அந்தத் தைலம் சிங்கப்பூரிலேயே 1928-இல் பிறந்தது தெரியுமா?

தைலம் தெரியும். அங்கே வேலைக்குப் போன தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவும் தெரியும். அவர் முதுகுக்குப் பின்னால் வானத்தை முட்டிக்கொண்டு வரிசையாக நிற்கின்றனவே, அந்தக் கண்ணாடிக் கட்டடங்கள்? அவைதான் ராஃபிள்ஸ் பிளேஸ், ஷென்டன் வே, மரினா பே. உலகத்துப் பணமெல்லாம் வந்து போகும் வங்கி வட்டாரம்! அந்தக் கட்டடங்களுக்கு அடியில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு குன்று இருந்த இடம், ஒரு கடல் இருந்த இடம், நம் ஆட்கள் பாய் விரித்துக் கணக்கு எழுதிய இடம்!

வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

குன்றை வெட்டிச் சேற்றில் போட்டார்கள்!

இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்கும் இடத்தில் ஒரு குன்று இருந்தது தெரியுமா? பக்கத்தில் ஆற்றங்கரை முழுக்கச் சதுப்பு, சேறு. கடை கட்ட இடமில்லை. 1822-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் என்ன செய்தார்? குன்றை வெட்டச் சொன்னார். அந்த மண்ணை அள்ளிச் சேற்றில் கொட்டச் சொன்னார். ஒரே வேலையில் இரண்டு லாபம்! குன்று இருந்த இடம் கடைச் சதுக்கம் ஆயிற்று. சேறு இருந்த இடம் படகுத் துறை ஆயிற்று.

சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று நூற்றுக்கணக்கான ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கினார்கள். கூலி எவ்வளவு தெரியுமா? நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு ரூபாய்! கண்ணால் பார்த்த அந்தக் காலத்து எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா எழுதி வைத்திருக்கிறார். அந்த அப்துல்லாவின் முன்னோர்களிலும் தமிழர் உண்டு!

சிங்கப்பூரில் ஏன் ரூபாய்க் கணக்கு என்று யோசிக்கிறீர்களா? 1867 வரை சிங்கப்பூரை ஆண்டது லண்டன் அல்ல, இந்தியா! கல்கத்தாவிலிருந்து உத்தரவு போகும்!

முதல் செங்கல் யாருடையது?

வானுயர்ந்த கட்டடங்களின் நகரத்தில் முதல் செங்கல் சூளை போட்டவர் யார் தெரியுமா? நாராயண பிள்ளை! 1819 மே மாதம் ராஃபிள்ஸோடு ஒரே கப்பலில் பினாங்கிலிருந்து வந்து இறங்கிய தமிழர். காடும் மரமுமாக இருந்த ஊரில், இங்கே வீடு கட்டப் போகிறார்கள், கல் வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டாரே, அந்த மூளையைப் பாருங்கள்! அங்குள்ள மாரியம்மன் கோயிலை 1827-இல் எழுப்பியவரும் அவரே.

நாகூர் ஆண்டவருக்கு அங்கே ஒரு தர்கா!

நம் நாகூர் தர்கா தெரியும். சிங்கப்பூர் வங்கி வட்டாரத்தின் ஓரத்தில், தெலுக் ஆயர் தெருவில் இன்னொரு நாகூர் தர்கா இருப்பது தெரியுமா? 1828-க்கும் 1830-க்கும் இடையில் நம் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் கட்டியது!

ஆச்சரியம் அதுவல்ல. தெலுக் ஆயர் என்றால் மலாய் மொழியில் தண்ணீர் விரிகுடா என்று பொருள். தர்காவைக் கட்டியபோது எதிரே கடல்! கப்பலிலிருந்து கால் வைத்ததும் ஆண்டவரைக் கும்பிட்டு, பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் ஊருக்குள் போவார்கள். இன்று அதே வாசலில் நின்று எட்டிப் பாருங்கள்... கடலைக் காணோம்! கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அலுவலகங்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பக்கத்து மலைகளை வெட்டிக் கடலைத் தூர்த்துவிட்டார்கள். வங்கிகள் வரிசை கட்டி நிற்கும் ராபின்சன் ரோடு அப்படித் தூர்த்த இடத்தில் போட்ட சாலை!

தர்கா நகரவில்லை. கடல்தான் நகர்ந்துபோனது!

இன்னொன்று தெரியுமா? ஓசிபிசி என்ற பெரிய வங்கியின் தலைமையகம் இருக்கும் தெருவின் பெயர் சூலியா ஸ்ட்ரீட். சூலியா என்றால் யார்? சோழ மண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள்! சோழ என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்று பலரும் சொல்வார்கள். ஆரம்ப காலத்தில் கப்பலிலிருந்து சரக்கை இறக்கி ஆற்றுக்குள் தொங்கான் என்ற சரக்குப் படகு ஓட்டியவர்கள் அவர்கள்தாம். தொங்கான் போய்விட்டது. தெருவின் பெயர் நிற்கிறது!

ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு வங்கி!

இனிமேல்தான் முக்கியமான இடம். ராஃபிள்ஸ் பிளேஸுக்குப் பக்கத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட். தமிழர்கள் அதை எப்படி அழைத்தார்கள் தெரியுமா? செட்டித் தெரு!

1820-களிலேயே நகரத்தார் அங்கே கால் வைத்துவிட்டார்கள். அவர்கள் தொழில் செய்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். கிட்டங்கி எப்படி இருக்கும் தெரியுமா? வாசல் குறுகல். உள்ளே போகப் போக நீளும் கூடம். இரண்டு பக்கமும் சுவரோரமாக வரிசையாக மரப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் ஒரு பாய். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர். மடிக்கு நேராகச் சாய்ந்த பலகையோடு ஒரு குட்டி மேசைப்பெட்டி. அதன் மேல் பேரேடு. நாற்காலி கிடையாது, கண்ணாடித் தடுப்பு கிடையாது, கவுன்டர் கிடையாது.

அவ்வளவுதான் வங்கி! ஒரு பெட்டி என்றால் ஒரு நிறுவனம். ஒரே கூரையின் கீழ் இப்படிப் பல நிறுவனங்கள்!

பகலில் அந்தப் பாய் ஆபீஸ். ராத்திரி? அதே இடம் படுக்கை! காலையில் சுருட்டி வைத்தால் மறுபடியும் ஆபீஸ். சமையலுக்குப் பொதுவாக ஓர் ஆள். குடும்பம் செட்டிநாட்டில். ஏஜெண்டாகப் போகிறவர் மூன்று வருஷக் கெடுவுக்குப் போவார். கணக்கை முடித்து அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார். எடுபிடியாகச் சேரும் சிறுவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். தண்ணீர் எடுப்பதில் தொடங்கி, கணக்கு எழுதக் கற்று, பிறகு ஏஜெண்டாகி, ஒரு நாள் முதலாளியாகவே ஆனவர்கள் உண்டு. மூன்று வருஷம் மனைவி பிள்ளை முகம் பார்க்காமல் ஒரு பாயில் காலம் கழித்திருக்கிறார்கள்! இன்று டார்மிட்டரியில் இரண்டு அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு வீடியோ காலில் பிள்ளையைப் பார்க்கும் நம் ஊர்த் தம்பிக்கு இந்த வலி புரியும்.

யாருக்குக் கடன் கொடுத்தார்கள் தெரியுமா? பெரிய ஐரோப்பிய வங்கிகள் வாசலில் சேர்க்காத சின்ன வியாபாரிக்கு! கடை வைக்கும் சீனருக்கு, நிலம் வாங்கும் மலாய்க்காரருக்கு, ரப்பர்த் தோட்டம் போடுகிறவருக்கு! லாபத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். டேங்க் ரோட்டில் 1859-இல் தெண்டாயுதபாணி கோயிலும் எழுப்பினார்கள்.

1970-களில் நகரத்தைப் புதுப்பித்தபோது செட்டித் தெருக் கிட்டங்கிகள் இடிபட்டன. அந்தத் தெருவில், 88-ஆம் எண்ணில் இப்போது என்ன நிற்கிறது தெரியுமா? கேபிடாஸ்பிரிங். 51 மாடி! 280 மீட்டர்! 2021-இல் முடிந்த கட்டடம்.

அதன் நடுவில், தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்தில், நான்கு மாடி அளவுக்குத் திறந்தவெளித் தோட்டம்! கட்டடம் முழுக்க 80,000-க்கும் மேற்பட்ட செடிகள்! மொட்டை மாடியில்? காய், கீரை, பழம், மூலிகை என்று 150-க்கும் மேற்பட்ட வகைப் பயிர்கள்! பறித்ததும் அங்கேயுள்ள ஓட்டல் அடுப்புக்குப் போகிறது. நெல் விளையும் நம் பூமியில் வயலை மனை போடுகிறோம். மனையே கிடைக்காத ஊரில் 51 மாடிக்கு மேலே ஏறிப் பயிர் வைக்கிறார்கள்!

நம் கும்பகோணம் மூத்தது!

சிங்கப்பூரின் மூன்று பெரிய உள்ளூர் வங்கிகள் எவை? டிபிஎஸ், 1968. யுஓபி, 1935. ஓசிபிசி, 1932. இப்போது சொல்லுங்கள், நம் கும்பகோணத்தில் கும்பகோணம் பாங்க் லிமிடெட் தொடங்கியது எப்போது? 1904! ஓசிபிசியை விட 28 வயது மூத்தது! இன்று அதன் பெயர் சிட்டி யூனியன் பாங்க். தலைமையகம் இப்போதும் கும்பகோணத்திலேயே இருக்கிறது. வெற்றிலையும் டிகிரி காப்பியும் மட்டுமா கும்பகோணத்தின் பெருமை?

இன்னொரு தமிழ்நாட்டு வங்கி. இந்தியன் ஓவர்சீஸ் பாங்க். 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி ஒரே நாளில் எங்கெங்கே கதவைத் திறந்தது தெரியுமா? காரைக்குடி, சென்னை, ரங்கூன்! பிறந்த அன்றே கடல் தாண்டிய வங்கி!

காசு மாற்றும் சந்து

ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து கடற்கரைக்குப் போக ஒரு குறுகலான சந்து இருந்தது. பெயர் சேஞ்ச் ஆலி. உலகத்தின் எந்த நாட்டு நோட்டை நீட்டினாலும் மாற்றிக் கொடுக்கும் இந்திய வியாபாரிகள் அங்கே வரிசையாக நிற்பார்கள். கம்ப்யூட்டர் இல்லை, கால்குலேட்டர் இல்லை. கணக்கு எல்லாம் நாக்கு நுனியில்! கப்பல் மாலுமிகள் கரை இறங்கியதும் முதலில் போகும் இடம் அதுதான். 1989-இல் அந்தப் பழைய சந்து மூடப்பட்டது.

பூகோள உருண்டையைச் சுழற்றினார் ஒருவர்!

1965-இல் சிங்கப்பூர் தனி நாடானது. குடிக்கத் தண்ணீரை மலேசியாவிடம் வாங்க வேண்டும். விளைநிலம் இல்லை, எண்ணெய் இல்லை, தாதுப்பொருள் இல்லை. அப்படிப்பட்ட ஊர் உலக நிதி மையம் ஆனது எப்படி தெரியுமா? ஒரு பூகோள உருண்டையால்!

1968. சிங்கப்பூர் அரசின் பொருளாதார ஆலோசகர் வின்செமியஸ் என்ற டச்சுக்காரர். பத்து வருஷத்தில் தென்கிழக்கு ஆசியாவின் நிதி மையமாக வேண்டும், முடியுமா என்று தன் நண்பரைக் கேட்டார். நண்பர் வான் ஓனன், பேங்க் ஆஃப் அமெரிக்காவில் உயர் அதிகாரி. வின்செமியஸை அவர் லண்டனுக்கு வரவழைத்தார். அறையில் இருந்த பெரிய பூகோள உருண்டைக்கு முன்னால் நிறுத்தினார்.

காலையில் ஜூரிக்கில் வங்கிகள் திறக்கும். அடுத்து ஃபிராங்க்ஃபர்ட், அடுத்து லண்டன். அங்கே மூடுவதற்குள் நியூயார்க் விழித்துவிடும். அது மூடுவதற்குள் சான்பிரான்சிஸ்கோ. அங்கேயும் மூடினால்? உலகமே தூங்கும்! மறுநாள் ஜூரிக் திறக்கும் வரை பணம் நகராது. அந்த இருட்டு நேரத்தில் பகலாக இருக்கும் ஊர் எது? விரல் வைத்த இடம் சிங்கப்பூர்!

அவ்வளவுதான்! அதே 1968-இல் ஆசிய டாலர் சந்தையைத் தொடங்கிவிட்டார்கள். வேறெந்த வளமும் இல்லாத ஊர், சூரியன் தன் தலைக்கு மேல் வரும் நேரத்தையே சரக்காக்கி விற்றது! இந்தக் கதையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

விளைவு? 2022 ஏப்ரலில் எடுத்த உலகக் கணக்கின்படி, அந்நியச் செலாவணி வியாபாரத்தில் லண்டன், நியூயார்க்குக்கு அடுத்து மூன்றாம் இடம் சிங்கப்பூருக்கு! ஒரு நாளைக்குக் கைமாறிய தொகை எவ்வளவு தெரியுமா? 92,900 கோடி அமெரிக்க டாலர்! மாதத்துக்கு இல்லை, ஒரு நாளைக்கு!

அரை மணி நேரம் காணாமல் போனது!

1981 டிசம்பர் 31. இரவு 11.30 மணி. புத்தாண்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்று சிங்கப்பூர்க்காரர்கள் காத்திருந்தார்களா? இல்லை! 11.30 அடித்ததும் கடிகாரத்தை 12-க்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்! அந்த அரை மணி நேரம் அந்த ஊர்ச் சரித்திரத்திலேயே கிடையாது! மலேசியா முழுவதும் ஒரே நேரத்துக்கு மாறியபோது சிங்கப்பூரும் கூடவே மாறியது. ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே மணி ஆனது. அதுவரை நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம். அன்றிலிருந்து இரண்டரை!

133 வேலி கடல்!

மன்னார்குடியை எப்படிச் சொல்வோம்? கோயில் பாதி, குளம் பாதி! ஹரித்ரா நதி தெப்பக்குளம் 23 ஏக்கர். ஒரு கரையில் நின்றால் மறுகரை ஆள் முகம் தெரியாது. காவிரியின் மகள் என்று கொண்டாடும் அந்தக் குளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரினா பே பகுதிக்காகச் சிங்கப்பூர் தூர்த்த கடல் எவ்வளவு தெரியுமா? 360 ஹெக்டேர்! ஏக்கரில் சுமார் 890. நம் தஞ்சாவூர்க் கணக்கில் 133 வேலி! கிட்டத்தட்ட 39 ஹரித்ரா நதி! மண்ணைக் கொட்டினார்கள், மணலைக் கொட்டினார்கள், வருஷக்கணக்கில் இறுக விட்டார்கள். அப்புறம்தான் கட்டடம்!

தனி நாடானபோது சிங்கப்பூரின் பரப்பு சுமார் 581 சதுர கிலோமீட்டர். இன்று சுமார் 735! நாடே கால் பங்கு வளர்ந்துவிட்டது! இவ்வளவுக்குப் பிறகும் நம் திருவாரூர் மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்!

மணலுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதும் கதைதான். மணலை அள்ளி அள்ளிக் கரையோரங்கள் கெடுகின்றன என்று அண்டை நாடான இந்தோனேசியா 2007-இல் ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. ஆற்று மணல் போனால் என்ன ஆகும் என்று கொள்ளிடக் கரைக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை!

கடல் குடிதண்ணீர் ஆனது!

வங்கிக் கட்டடங்கள் சுற்றி நிற்க, நடுவில் பளபளவென்று தண்ணீர் தெரியுமே, அது கடல் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை! அது நல்ல தண்ணீர்! குடிதண்ணீர் ஏரி!

2008-இல் கடல் வாயில் மரினா அணையைக் கட்டினார்கள். 350 மீட்டர் அகலக் கால்வாயை மறித்து ஒன்பது ராட்சதக் கதவுகள். மழை பெய்யப் பெய்ய உப்பு வெளியேறி, உள்ளே நல்ல தண்ணீர் நிறைந்தது. நாட்டின் ஆறில் ஒரு பங்கு நிலத்து மழை அங்கே வந்து சேர்கிறது!

கடைமடைக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய சங்கதி இனிமேல்தான். ஐப்பசி, கார்த்திகையில் நம் வயலில் தண்ணீர் நின்றால் என்ன சொல்வோம்? கடல் உள்வாங்கவில்லை என்போம். பயிர் அழுகும். கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். அங்கே? கடல் தாழ்ந்திருக்கும்போது மழை வந்தால் கதவைத் திறந்து விடுகிறார்கள். கடல் ஏறியிருக்கும்போது மழை வந்தால்? ஏழு பெரிய பம்புகள்! உள்ளே நிற்கும் தண்ணீரைத் தூக்கிக் கடலில் எறிகின்றன! கல்லணை கட்டிய மண்ணில் பிறந்தவர்களுக்கு இதைப் பார்க்க ஆசை வராதா?

தோண்டாத சாலை!

நம் ஊரில் சாலை போட்ட மறு வாரம் குழாய்க்காரர் வந்து தோண்டுவார். அடுத்த வாரம் கேபிள்காரர். மரினா பேயில் சாலைக்கு அடியில் ஆள் நடந்து போகும் அளவுக்குச் சுரங்கம்! தண்ணீர்க் குழாய், மின் கேபிள், தொலைபேசி எல்லாம் அதற்குள்! பழுதா? உள்ளே இறங்கிச் சரிசெய்துவிட்டுப் போய்விடலாம்!

அது மட்டுமா? அந்தக் கட்டடங்களில் பலவற்றுக்குத் தனித்தனி ஏசி இயந்திரமே கிடையாது! பூமிக்கு 25 மீட்டர் ஆழத்தில் ஒரு குளிர்நீர் ஆலை. அங்கே தண்ணீரைக் குளிர வைத்துக் குழாய் வழியாகக் கட்டடம் கட்டடமாக அனுப்புகிறார்கள். வாய்க்கால் பாசனம் மாதிரி குளிர்ச்சிப் பாசனம்! 2006-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது!

எல்லாம் ஏன் 280 மீட்டர்?

1986-இல் ஓயூபி சென்டர்: 280 மீட்டர். 1992-இல் யுஓபி பிளாசா: 280 மீட்டர். 1995-இல் ரிபப்ளிக் பிளாசா: அதுவும் 280 மீட்டர்! சொல்லி வைத்தாற்போல் ஒரே உயரம் ஏன்? பணம் இல்லையா? திறமை இல்லையா? காரணம், விமானம்! பாய லேபார் விமானப் படைத் தளத்தில் விமானங்கள் ஏறி இறங்க வேண்டும் என்பதால் அதற்கு மேல் அனுமதி இல்லை! 2016-இல்தான் குவோகோ டவர் பத்து மீட்டர் கூடுதலாக எழும்பியது. அடுத்து ஷென்டன் வேயில் 305 மீட்டரில் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது!

280 மீட்டர் என்றால் எவ்வளவு? நம் ராஜகோபால சுவாமி கோயில் ராஜகோபுரம் 154 அடி. அதைப் போல் ஆறு கோபுரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அவ்வளவு! ஆனால் ஒன்று. கிரேனும் லிஃப்டும் இல்லாத காலத்தில் நம்மவர்கள் ஏற்றிய அந்த ஒரு கோபுரம், என் கண்ணுக்கு இந்த ஆறுக்கும் மேலானது!

233 வயது வங்கியை விழுங்கிய எண்!

88888. இது என்ன எண் தெரியுமா? சீனர்களுக்கு எட்டு அதிர்ஷ்டம். ஒரு கணக்குக்கு ஐந்து எட்டு வைத்தார் நிக் லீசன். பேரிங்ஸ் என்ற பிரிட்டிஷ் வங்கிக்காகச் சிங்கப்பூரில் வியாபாரம் செய்த 28 வயது இளைஞர். நஷ்டத்தையெல்லாம் அந்தக் கணக்கில் ஒளித்தார். 1995 ஜனவரி 17-இல் ஜப்பானின் கோபே நகரத்தில் பூகம்பம். ஜப்பான் பங்குச் சந்தை சரிந்தது. போட்ட பந்தயமெல்லாம் கவிழ்ந்தது!

நஷ்டம் 82 கோடி பவுண்டுக்கு மேல்! பேரிங்ஸ் 1762-இல் தொடங்கியது. இங்கிலாந்து ராணி எலிசபெத்தும் வாடிக்கையாளர்! கடைசியில் அந்த வங்கி என்ன விலைக்குப் போனது தெரியுமா? ஒரே ஒரு பவுண்டு!

குட்டிக் குட்டியாக இன்னும்...

சிங்கப்பூரின் மத்திய வங்கி, நம் ரிசர்வ் வங்கி மாதிரி வட்டி விகிதத்தை ஏற்றி இறக்குவதில்லை தெரியுமா? சிங்கப்பூர் டாலரின் மாற்று மதிப்பை நகர்த்தியே விலைவாசியைப் பிடிக்கிறது!

10,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர் நோட்டு! ஒரே தாள்! நம் பணத்தில் பல லட்சம்! 2014-இல் அதை அச்சிட்டு வெளியிடுவதை நிறுத்தினார்கள்.

புருனை நாட்டு நோட்டும் சிங்கப்பூர் நோட்டும் 1967-இலிருந்து சரிக்குச் சரி! அந்த நோட்டு சிங்கப்பூரில் செல்லும், இந்த நோட்டு புருனையில் செல்லும்!

காலையில் டி.வி.யில் எஸ்ஜிஎக்ஸ் நிஃப்டி என்று ஓடுமே, ஞாபகம் இருக்கிறதா? நம் நாட்டுப் பங்குச் சந்தையின் அன்றைய போக்கை முன்கூட்டியே காட்டியது சிங்கப்பூர்! 2000-இல் தொடங்கியது, 2023 ஜூலையில் குஜராத்தின் கிஃப்ட் சிட்டிக்கு இடம் மாறிவிட்டது.

வானளாவிகளுக்கு நடுவே எட்டுக் கோண வடிவில் ஓர் இரும்புச் சந்தை, லாவ் பா சாட். 1894-இல் ஸ்காட்லாந்தில் வார்த்த இரும்பு! மெட்ரோ சுரங்கம் தோண்ட 1986-இல் அதைத் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டிவிட்டார்கள்! இடிக்கத் தெரிந்தவர்கள் காக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

நோட்டில் தமிழ்!

சிங்கப்பூர் நோட்டைக் கையில் வாங்கினால் உற்றுப் பாருங்கள். நான்கு மொழிகளில் நாட்டின் பெயர். அதில் ஒன்று "சிங்கப்பூர்", நம் தமிழில்! ரயில் மேடை இடைவெளியைக் கவனிக்கச் சொல்லித் தமிழிலும் அறிவிப்பு வரும். கோட்டு சூட்டுப் போட்ட வங்கி அதிகாரிகள் நிற்கும் ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்திலும்! அந்த ஊரில் தமிழுக்காக ஓயாமல் உழைத்தவர், 1935-இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி. அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் திருவாரூர்!

அங்கே நாற்காலி பிடித்த தமிழர்களையும் கேளுங்கள். ஜே. ஒய். பிள்ளை, 1999 முதல் 2010 வரை சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் தலைவர். தனபாலன், 1999 முதல் 2005 வரை டிபிஎஸ் வங்கியின் தலைவர். தர்மன் சண்முகரத்தினம், 2011 முதல் 2023 வரை மத்திய வங்கியின் தலைவர், இன்று நாட்டின் அதிபர்! பெட்டியடியில் பாய் விரித்த ஊரில், மத்திய வங்கியின் தலைமை நாற்காலி வரை!

தைப்பூசத்துக்கு முதல் நாள் டேங்க் ரோட்டிலிருந்து முருகன் வெள்ளித் தேரில் புறப்பட்டு, கியோங் சைக் ரோட்டு லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய்த் திரும்புவார். கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும் தொலைவில், நாகஸ்வரமும் தவிலுமாக! கண்ணை மூடிக் கேட்டால் நம் ஊர் வீதி!

கடைசியாக ஒன்று!

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் பக்கத்தில், வெண்கலத்தில் ஒரு சிற்பக் கூட்டம் இருக்கிறது. கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவர் யார் தெரியுமா? ஒரு செட்டியார்! முன்னால் மேசைப்பெட்டி. அதே சிற்பத்தில், இன்றைய நிதி நிறுவன ஆட்களும் கூடவே நிற்கிறார்கள். சிற்பத்தின் பெயர், செட்டியார்களிலிருந்து நிதியாளர்கள் வரை! இந்த வட்டாரத்தின் பிள்ளையார் சுழி யாருடையது என்று அந்த நாடே வெண்கலத்தில் எழுதி வைத்திருக்கிறது!

உங்கள் அண்ணனோ தம்பியோ மகனோ அங்கே இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது சொல்லுங்கள். நம் ஆட்கள் கூடும் தேக்கா பக்கம் போய் ஊர்க்காரர்களைப் பார்த்துவிட்டு, அப்படியே ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கச் சொல்லுங்கள். சிற்பம் அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான், பார்க்கக் காசு கிடையாது. அந்தச் செட்டியார் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்!